சிக்னல் கம்பத்துல சிம் திருட்டு: ஒரு மெஷினோட சாவி யார் கையில?

இன்னைக்குக் கதை தென்னாப்பிரிக்காவுல, ஜோஹன்னஸ்பர்க்ல ஆரம்பிக்குது. 2011 ஜனவரியில வந்த செய்தி. ஊர்ல நூத்துக்கணக்கான டிராஃபிக் சிக்னல் வேலை செய்யல. மழையும் காரணமில்ல, கரண்ட் கட்டும் காரணமில்ல. யாரோ கம்பத்துல இருக்கிற பெட்டியை உடைச்சு உள்ள இருந்த சிம் கார்டை உருவிட்டுப் போயிருக்காங்க.

சிக்னலுக்கு எதுக்குடா சிம்னு உங்களுக்குத் தோணும். அந்த ஊர் சாலைத் துறை அப்பதான் புது சிஸ்டம் கொண்டுவந்திருந்தது. விளக்கு எரியலன்னா, கன்ட்ரோலர் பழுதானா, சிக்னலே தலைமை ஆபீஸுக்கு ஜிபிஆர்எஸ் வழியா தகவல் அனுப்பிடும். ஆள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு ஒரு மோடம், மோடத்துக்கு ஒரு சிம். இப்படி சிம் வச்ச சிக்னல் சுமார் 600. அதுல ஏறக்குறைய 400 நாசமாச்சு. சிம் இல்லாத பழைய சிக்னலை யாருமே தொடல. அதனால இது உள்விவரம் தெரிஞ்ச ஆள் வேலையாத்தான் இருக்கணும்னு துறையே சந்தேகப்பட்டது. திருடினவங்க அந்த சிம்மைத் தங்களோட போன்ல போட்டு ஆசை தீரப் பேசினாங்க. பில் சாலைத் துறைக்கு வந்தது.

இந்தச் செய்தியை எல்லாரும் வேடிக்கையா பகிர்ந்தாங்க. எனக்கு மண்டையில நின்னது வேற. ஒரு சிக்னல் கம்பத்துக்குள்ள இருந்த சிம்மால எப்படி வாய்ஸ் கால் பேச முடிஞ்சது? சிக்னல் யாருக்கு போன் போடப் போகுது? பதில் ரொம்ப சாதாரணம். கடையில நமக்குக் கொடுக்கிற அதே மாதிரி சிம்தான் அது. மனுஷனுக்காகச் செஞ்ச பொருளை மெஷினுக்குள்ள சொருகினாங்க, அவ்வளவுதான். அந்த நாள்ல இருந்து இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற இ-சிம் வரைக்கும் நடந்த சண்டை எல்லாத்துக்கும் மூலம் இதுதான். அதைப் புரிஞ்சுக்க சிம் எப்படிப் பொறந்ததுன்னு பார்க்கணும்.

1982-ல ஐரோப்பிய தபால், தொலைபேசித் துறைகள் சேர்ந்து ஒரு குழு போட்டாங்க. பேரு க்ரூப் ஸ்பெஷல் மொபைல். ஜிஎஸ்எம்ங்கிற எழுத்துக்கள் அதுல இருந்துதான் வந்தது. அப்ப ஐரோப்பாவுல நாட்டுக்கு ஒரு மொபைல் சிஸ்டம். ஒரு நாட்டு கார் போன் பக்கத்து நாட்டுல பேசாது. 1987 செப்டம்பர் 7-ல கோபன்ஹேகன்ல 13 நாட்டு ஆபரேட்டர்கள் ஒரே சிஸ்டத்துக்கு ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.

இதுக்குள்ள ஒரு கேள்வி வந்தது. சந்தாதாரர் யாருன்னு போனுக்குள்ளயே எழுதிடலாமா, இல்ல தனியா வைக்கலாமா? மேற்கு ஜெர்மனியில 1985-ல வந்த சி-நெட்ஸ் என்ற நெட்வொர்க்ல ஏற்கனவே ஒரு கார்டு இருந்தது. கார்டை எந்த கார் போன்ல போட்டாலும் அது உங்க போன். ஜிஎஸ்எம்-காரங்க அந்த வழியில போனாங்க. முதல் சிம் ஏடிஎம் கார்டு அளவுக்கு இருந்தது, 85.6 மில்லிமீட்டருக்கு 54. டாக்ஸியில ஏறி உங்க கார்டைச் சொருகிப் பேசலாம், வாடகைக் காருக்கு உங்க நம்பரை எடுத்துட்டுப் போகலாம். அந்தக் காலத்துக் கற்பனை அப்படி. கையில போன் வச்சுக்கிட்டே எல்லாரும் அலைவாங்கன்னு அப்ப நெனைக்கல.

1991-ல மியூனிக்ல இருக்கிற கீசெக்க அண்ட் டெவ்ரியன்ட் கம்பெனி முதல் 300 சிம்மை ஃபின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு வித்தது. இந்தக் கம்பெனியோட பழைய தொழில் என்ன தெரியுமா? ரூபாய் நோட்டு அச்சடிக்கிறது. கள்ள நோட்டு வராம பார்த்துக்கிறவங்க கள்ள சிம் வராம பார்த்துக்கிட்டாங்க, பொருத்தம்தான். அந்த வருஷம் ஜூலை 1-ல ஃபின்லாந்தோட முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, தம்பெரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோவைக் கூப்பிட்டுப் பேசினார். உலகத்தோட முதல் வணிக ஜிஎஸ்எம் கால் அதுதான்.

இப்ப அந்தக் கார்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கோங்க. முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு ஐஎம்எஸ்ஐன்னு ஒரு 15 இலக்க எண். முதல் மூணு இலக்கம் நாடு. இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. அடுத்தது ஆபரேட்டர், மிச்சம் நீங்க. உங்க 10 இலக்க மொபைல் நம்பருக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. ஐஎம்எஸ்ஐ கார்டுக்குள்ள இருக்கு, மொபைல் நம்பர் ஆபரேட்டரோட டேட்டாபேஸ்ல இருக்கு. சிம் தொலைஞ்சாலும் அதே நம்பர் புது கார்டுல கிடைக்கிறது இதனாலதான்.

ரெண்டாவது ஒரு 128 பிட் ரகசியச் சாவி. உலகத்துல ரெண்டே இடத்துல இருக்கணும்: கார்டுக்குள்ளயும் ஆபரேட்டரோட சர்வர்லயும். டவர் ஒரு ரேண்டம் எண்ணை அனுப்பும். சிம் அதையும் சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். அங்க சர்வரும் அதே கணக்கைப் போடும். விடை ஒண்ணா இருந்தா உள்ள வா. சாவி ஒரு தடவை கூட காத்துல பயணிக்காது. கார்டை விட்டு வெளியவும் வராது. போனுக்கே அது தெரியாது. நான் தினமும் ஏபிஐ டோக்கனை லாக் ஃபைல்ல கொட்டி வைக்கிற ஆளுங்களோட வேலை பார்க்கிறவன். 1980-கள்ல யோசிச்ச இந்த டிசைனைப் பார்த்தா இன்னைக்கும் மரியாதை வருது.

அதுக்காக எல்லாமே பக்கான்னு சொல்ல வரல. நிறைய ஆபரேட்டர்கள் பயன்படுத்தின காம்ப்128 என்ற கணக்குமுறையை ரகசியமா வச்சிருந்தாங்க. 1998-ல அது வெளிய கசிஞ்சது. இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர்னு பெர்க்லியில இருந்த ரெண்டு பேர் அதை உடைச்சு, கார்டு கையில கிடைச்சா சாவியைக் கறந்து நகல் எடுக்கலாம்னு காட்டினாங்க. 2015 பிப்ரவரியில இன்னும் பெரிய விஷயம் வந்தது. ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களை வச்சு தி இன்டர்செப்ட் ஒரு செய்தி போட்டது: அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள், அன்னைக்கு உலகத்துலயே பெரிய சிம் தயாரிப்பாளரான ஜெமால்டோவுக்குள்ள புகுந்து, சாவிகள் தொழிற்சாலையில இருந்து ஆபரேட்டருக்குப் போற வழியில அள்ளினதா சொன்னது. 2010, 2011-ல தாக்குதல் நடந்திருக்கலாம்னு நம்ப காரணம் இருக்குன்னு ஜெமால்டோ ஒப்புக்கிட்டது. பெரிய அளவுல சாவி எதுவும் போகலன்னும் சொன்னது. ஆக, கார்டை உடைக்கிறதை விட சாவி போற லாரியை மறிக்கிறது சுலபம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. சாவியை இன்டர்நெட் வழியா ஒரு மெஷினுக்கு அனுப்பப் போறோம், இன்னும் பத்து நிமிஷத்துல.

சிம் தனியா கழட்டுற மாதிரி இருந்ததால நமக்கு என்ன லாபம்? கழட்ட முடியாத போனோட ஒப்பிட்டாத்தான் தெரியும். அமெரிக்காவுல வெரைசான், ஸ்ப்ரின்ட் ரெண்டும் அப்ப சிடிஎம்ஏ. சிம் கிடையாது, நம்பர் போனுக்குள்ளயே எழுதியிருந்தது. இங்க 2003-ல 501 ரூபாய்க்கு மான்சூன் ஹங்காமான்னு ரிலையன்ஸ் விட்ட போனும் அந்த வகைதான். விலை கம்மி, ஊரெல்லாம் வாங்கினாங்க. ஆனா நெட்வொர்க் மாறணும்னா போனையே மாத்தணும். ஜிஎஸ்எம் போன் வச்சிருந்தவங்க அப்படி மாட்டிக்கல. அம்பது ரூபாய் சிம் வாங்கி மாத்திக்கிட்டாங்க. காலேஜ்ல டபுள் சிம் போன்ல ஒண்ணு பேச, ஒண்ணு நெட்டுக்குன்னு வச்சிருந்தோமே, அது பெரிய சுதந்திரம்னு அப்ப யாருக்கும் தோணல. அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டால போன் கம்பெனிக்கும் நெட்வொர்க் கம்பெனிக்கும் நடுவுல நாம ஒரு இடத்தைப் பிடிச்சு வச்சிருந்தோம்.

ஆனா கழட்டி மாட்டுறதுக்கு ஒரு கை வேணும். மெஷினுக்குக் கை கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வண்டி ட்ராக்கிங் கம்பெனியில இருந்தேன். பேரு வேண்டாம். நாமக்கல் பக்கத்து லாரிக்காரங்க நிறைய பேர் கஸ்டமர். டிராக்கர் டேஷ்போர்டுக்குப் பின்னாடி, ஒயரோட ஒயரா இருக்கும். உள்ள ஒரே ஆபரேட்டர் சிம். ஒரு கட்டத்துல வடக்க சில ரூட்ல அந்த நெட்வொர்க் படுத்துடுச்சு. மேப்ல லாரி மணிக்கணக்கா ஒரே இடத்துல நிக்கும், திடீர்னு இருநூறு கிலோமீட்டர் தாண்டிக் குதிக்கும். ஓனர்கள் டிரைவரைத் திட்டுவாங்க, டிரைவர்கள் எங்களைத் திட்டுவாங்க. வேற ஆபரேட்டருக்கு மாறலாம்னு முடிவாச்சு. இன்ஸ்டாலேஷன் பார்க்கிற அண்ணன்கிட்ட எவ்வளவு நாள் ஆகும்ணேன்னு கேட்டேன். "தம்பி, வண்டி இப்ப நாக்பூர்ல நிக்குது. அங்க இருந்து லோடு கிடைச்சா குவாஹாத்தி. அது என்னைக்கு ஊருக்கு வருதோ அன்னைக்கு மாத்தித் தரேன்"னார். நான் வேற கம்பெனிக்கு மாறின வரைக்கும் அந்த வேலை முடியல. ஒரு சிம்மோட விலையை விட, அதை மாத்தப் போற ஆளோட பஸ் செலவு அதிகம்.

உலகம் முழுக்க இதே தலைவலிதான். 1996-ல ஜெனரல் மோட்டார்ஸ் ஆன்ஸ்டார் கொண்டுவந்தது. கார் இடிச்சா கார்லயே இருக்கிற போன் கால் சென்டரைக் கூப்பிடும். ஐரோப்பாவுல 2018 மார்ச் 31-க்கு அப்புறம் அனுமதி வாங்குற எல்லாப் புது மாடல் காருக்கும் இ-கால் கட்டாயம். விபத்து நடந்தா 112-க்குத் தானா போகும். காருக்கு சிம் வைக்கணும்னு சட்டமே சொல்லுது. 2009 அக்டோபர்ல அமேசான் விட்ட சர்வதேச கிண்டில்ல ஏடி&டி இணைப்பு இருந்தது, நூறு நாட்டுக்கு மேல ரோமிங்ல புத்தகம் இறங்கும். படிக்கிறவருக்கு மாசம் பில் வராது. கனெக்‌ஷன் செலவு பொருளோட விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். இதெல்லாம் கேட்க சூப்பரா இருக்கு. ஆனா ஆபரேட்டரோட கம்ப்யூட்டர் சிஸ்டம் மாசம் ஒரு பில், பேருக்கு ஒரு அட்ரஸ்னு மனுஷனுக்காகக் கட்டினது. மாசத்துக்கு ரெண்டு எம்பி அனுப்புற பத்தாயிரம் மீட்டரை அது எப்படிச் சமாளிக்கும்?

இந்த ஓட்டையைப் பார்த்தவர் ஜஹாங்கீர் முகமது. 2004-ல கலிஃபோர்னியாவுல ஜாஸ்பர்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். ஆபரேட்டரோட நெட்வொர்க்குக்கும் மெஷின் விக்கிற கம்பெனிக்கும் நடுவுல ஒரு சாஃப்ட்வேர். என்ன செய்யும்? தொழிற்சாலையில டெஸ்ட் பண்றப்ப சிம்முக்குக் காசு ஓடாது. வாங்கினவர் ஆன் பண்ணின நிமிஷத்துல இருந்துதான் ஓடும். எந்த சிம் எவ்வளவு டேட்டா எடுக்குதுன்னு ஒரே திரையில பார்க்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லிஃப்ட் திடீர்னு ஜிபி கணக்குல டேட்டா எடுத்தா தானா நிறுத்திடும். சிம்மை ஒரு குறிப்பிட்ட டிவைஸோட ஐஎம்இஐ எண்ணோட கட்டிப்போடலாம். கழட்டி வேற எதுல போட்டாலும் செத்த கார்டு. வாய்ஸை மொத்தமா அடைச்சிடலாம். ஜோஹன்னஸ்பர்க் சிம்களுக்கு இந்தக் கடைசி ரெண்டு மட்டும் இருந்திருந்தா திருட்டுக்கே அர்த்தமில்லாமப் போயிருக்கும். கிளாமர் இல்லாத வேலைதான், ஏபிஐயும் டேஷ்போர்டும். ஆனா 2016-ல சிஸ்கோ இந்தக் கம்பெனியை வாங்கினது 140 கோடி டாலருக்கு.

சாஃப்ட்வேர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கார்டையே ஒழிச்சாங்க. போர்டுல நேரடியா சால்டர் பண்ற சில்லு, 6 மில்லிமீட்டருக்கு 5. கார் எஞ்சின் சூட்டையும் அதிர்வையும் தாங்கும், துருப்பிடிக்க ட்ரே கிடையாது, திருடணும்னா சால்டரிங் அயர்னோடதான் வரணும். இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன், ஏன்னா எஞ்சினியர்களே இதுல தடுமாறுவாங்க. போர்டுல ஒட்டியிருக்கிறது வேற, ஆபரேட்டரை ரிமோட்டா மாத்த முடியறது வேற. முதல்ல வந்த சால்டர் சிம்கள்ல ஆபரேட்டர் நிரந்தரம். அதாவது கழட்டவும் முடியாது, மாத்தவும் முடியாது. பழைய சிடிஎம்ஏ போன் நிலைமைக்கே திரும்பினோம். அதனால ஒரே சில்லுல பல ஆபரேட்டர் ப்ரொஃபைலை, சாவி உட்பட, காத்து வழியா இறக்குற முறை வேணும்னு ஆச்சு. இ-யுஐசிசின்னு பேரு. ஒவ்வொரு சில்லுக்கும் 32 இலக்க அடையாள எண்.

2010 அக்டோபர்ல ஒரு செய்தி கசிஞ்சது. ஆப்பிள், ஜெமால்டோவோட சேர்ந்து ஐபோனுக்குள்ளயே ஒரு சிம் வைக்கப் போகுது, ஆபரேட்டரைக் கடையில வச்சோ ஆப் வழியாவோ பயனரே தேர்ந்தெடுக்கலாம்னு. ஐரோப்பிய ஆபரேட்டர்களுக்குத் தூக்கம் போச்சு. அப்படிச் செஞ்சா போனுக்குக் கொடுக்கிற தள்ளுபடியை நிறுத்திடுவோம்னு மிரட்டினதா பத்திரிகைகள் எழுதின. ஆப்பிள் அப்போதைக்குப் பின்வாங்கிடுச்சு. அடுத்த மாசமே, நவம்பர்ல, ஆபரேட்டர்களோட சங்கமான ஜிஎஸ்எம்ஏ ஒரு குழு போட்டது: எம்பெடெட் சிம்முக்கு நாங்களே தரம் வகுக்கிறோம்னு. வோடஃபோன், ஏடி&டி, வெரைசான், சைனா மொபைல் எல்லாரும் அதுல. தற்செயல்னு நினைக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்ல.

அந்தக் குழுவோட உழைப்பு 2013 கடைசியில எஸ்ஜிபி.02 என்ற தரமா வந்தது. மெஷினுக்கானது. இதுல எஸ்எம்-எஸ்ஆர்னு ஒரு சர்வர். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரே ஒரு எஸ்எம்-எஸ்ஆர்தான் எஜமான். எந்த ப்ரொஃபைல் ஏறணும், எது இயங்கணும்னு அந்த எஜமான் சொன்னாத்தான் நடக்கும். அதை நடத்துறது பெரும்பாலும் ஆபரேட்டர், இல்லன்னா ஆபரேட்டருக்காக வேலை பார்க்கிற சிம் கம்பெனி. நீங்க ஏ-யில இருந்து பி-க்குப் போகணும்னா ரெண்டு பேரோட சர்வரும் ஒண்ணோடொண்ணு பேசணும். அந்த இணைப்பு வேலைக்கு மாசக்கணக்கு ஆகும், செலவும் தனி. உங்களை விட்டுப் போற கஸ்டமருக்காக நீங்க அவசரமா அந்த வேலையைச் செய்வீங்களா? தரத்துல மாறலாம்னு எழுதியிருக்கு. நடைமுறையில மாறினவங்க கம்மி. கழட்டுற சிம் இருந்தப்ப சாவி வண்டி ஓனர் பக்கம் ஓரளவாவது இருந்தது, பஸ் செலவு பண்ணினா மாத்திக்கலாம். இப்ப பஸ் செலவும் இல்ல, சாவியும் இல்ல.

மனுஷங்களுக்கான தரம் 2016-ல வேற மாதிரி வந்தது. எஸ்ஜிபி.22. க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, திரையில ஓகே அழுத்தினா ப்ரொஃபைல் இறங்கும். முதல்ல சாம்சங்கோட கியர் எஸ்2 வாட்ச்ல வந்தது, 2017-ல கூகுள் பிக்சல் 2, 2018-ல ஐபோன் எக்ஸ்எஸ். 2022-ல அமெரிக்காவுல வித்த ஐபோன் 14-ல சிம் ட்ரேயே இல்ல. இங்க எஜமான் பயனர்தான், அந்த ஓகே பட்டன் நம்ம கையில. அதுக்கும் சும்மா விடல. 2014-ல ஆப்பிள் ஐபேட்ல ஆபரேட்டர் மாத்திக்கிற ஆப்பிள் சிம்னு ஒண்ணு கொடுத்தது. ஏடி&டி-யைத் தேர்ந்தெடுத்தா அந்த சிம் அவங்களுக்கே பூட்டிக்கும்! 2018-ல அமெரிக்க நீதித்துறை, ஏடி&டி-யும் வெரைசானும் ஜிஎஸ்எம்ஏ-வோட சேர்ந்து இ-சிம் தரத்துல பூட்டு போடப் பார்த்தாங்களான்னு விசாரிக்கிறது வெளிய தெரிஞ்சது. 2019 நவம்பர்ல வழக்கு போடாமலே முடிச்சாங்க. ஆனா ஆபரேட்டர்கள் மட்டும் ஆதிக்கம் பண்ற முறையில தரம் எழுதினது போட்டியைக் குறைச்சதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. போன் தயாரிக்கிறவங்களுக்கும் ஓட்டு கொடுக்கிற மாதிரி முறையை மாத்த ஜிஎஸ்எம்ஏ ஒத்துக்கிச்சு.

போன் வச்சிருக்கிறவங்களுக்காக வாதாட ஆப்பிள் மாதிரி ஒரு பெரிய ஆள் இருந்தது. தண்ணி மீட்டருக்கும் லாரி டிராக்கருக்கும் யார் இருக்கா? அதனாலதான் மெஷின்களுக்கு இன்னும் ஏழு வருஷம் ஆச்சு. 2023-ல எஸ்ஜிபி.32 வந்தது. திரை இல்லாத, யாரும் ஓகே அழுத்தாத டிவைஸுக்காக. ஓகே அழுத்துற கை இப்ப இ-ஐஎம்னு ஒரு சர்வர். அதை ஆபரேட்டர்தான் நடத்தணும்னு இல்ல. மீட்டர் கம்பெனியே நடத்தலாம், மூணாவது ஆள் நடத்தலாம், பிடிக்கலன்னா வேற இ-ஐஎம்முக்கு மாத்தலாம். ஆபரேட்டர்களோட சர்வர்கள் தங்களுக்குள்ள பேசிக்க வேண்டிய அவசியம் போச்சு. 1991-ல மனுஷங்களுக்குக் கிடைச்சது மெஷின் ஓனர்களுக்குக் காகித அளவுல கிடைக்க 32 வருஷம்.

சரி, ஆபரேட்டர் வழிவிட்டாச்சு. அடுத்து அரசாங்கம். வெளிநாட்டு சிம்மோட வந்த ஒரு கார் நம்ம ஊர்ல வருஷக்கணக்கா ரோமிங்லயே ஓடினா? பிரேசில், துருக்கி ரெண்டும் இந்த நிரந்தர ரோமிங்குக்குக் கடுமையா கடிவாளம் போட்ட நாடுகள். இந்தியாவுல டிராய் 2024 மார்ச்ல பரிந்துரை கொடுத்தது: இறக்குமதியாகிற டிவைஸ்ல இருக்கிற மெஷின் இ-சிம், ரோமிங் ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள இந்திய ஆபரேட்டர் ப்ரொஃபைலுக்கு மாறணும்னு. சிம் யாருடையதுன்னு தெரியணும், தேவைப்பட்டா நிறுத்தணும்ங்கிறது அரசோட நியாயம். அதுல எனக்குப் பெரிய சண்டை இல்ல. மெஷின் சிம்ல இருந்து முன்கூட்டியே குறிச்ச நம்பருக்கு மட்டும்தான் பேச முடியணும்னு தொலைத்தொடர்புத் துறை 2018-லயே சொல்லிடுச்சு. ஜோஹன்னஸ்பர்க் கதை இங்க நடக்காம இருக்க அது ஒரு பூட்டு.

அந்த 2018 ஞாபகம் இருக்கா? பிப்ரவரியில வாட்ஸ்அப் முழுக்க ஒரே பரபரப்பு: ஜூலை 1-ல இருந்து எல்லாருக்கும் மொபைல் நம்பர் 13 இலக்கம்! எங்க சித்தப்பா கான்டாக்ட் லிஸ்டை டைரியில எழுதவே ஆரம்பிச்சுட்டார். விஷயம் என்னன்னா மெஷின் சிம்களுக்கு மட்டும் 13 இலக்கம். பத்து இலக்கம் மனுஷனுக்கே பத்தாம போயிடக் கூடாதுன்னு மெஷின்களைத் தனி வரிசைக்கு அனுப்பினாங்க. டீக்கடையில "பத்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துற சவுண்ட் பாக்ஸ், பஸ்ல எமர்ஜென்சி பட்டனோட இருக்கிற டிராக்கர் எல்லாம் அந்தக் கூட்டம்தான். பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கான ஏஐஎஸ் 140 விதி, கழட்டுற சிம் கூடாது, எம்பெடெட் சிம்தான்னு சொல்லுது.

ஆனா இ-சிம் எவ்வளவு சுதந்திரமானாலும் ஒரு இடத்துல அதால ஒண்ணும் செய்ய முடியாது. அது மாத்துறது அடையாளத்தை. மோடத்துக்குள்ள இருக்கிற ரேடியோவை இல்ல.

2008-ல அமெரிக்காவுல அனலாக் நெட்வொர்க்கை மூட அனுமதி கிடைச்சப்ப, அதை மட்டுமே நம்பியிருந்த ஆன்ஸ்டார் கார்கள் லட்சக்கணக்குல ஊமையாச்சு. காருக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் ஓடிச்சு. 2017 ஜனவரியில ஏடி&டி 2ஜி-யை அணைச்சதும் சான் ஃபிரான்சிஸ்கோவுல பஸ் ஸ்டாப் போர்டுல எல்லாம் அடுத்த பஸ் எப்பன்னு வர்றது சொதப்பிடுச்சு. பஸ் எங்க இருக்குன்னு சொல்ற பெட்டி நிறைய வண்டியில இன்னும் 2ஜி. சிலிகான் வேலிக்குப் பக்கத்து ஊர், மக்கள் பஸ் ஸ்டாப்ல நின்னு தெருவை எட்டிப் பார்த்தாங்க. 2021-ல அமேசான் பழைய கிண்டில்காரங்களுக்கு மெயில் போட்டது: 3ஜி போகுது. முதல் ரெண்டு தலைமுறை கிண்டில்ல வைஃபையே கிடையாது, அதனால அதுங்க இனி இன்டர்நெட்டே பார்க்காது.

போன் மூணு வருஷத்துல மாத்துறோம். மீட்டர் அப்படியா? பிரிட்டன்ல தெற்கு, மத்தியப் பகுதி ஸ்மார்ட் மீட்டர்கள் 2ஜி, 3ஜி வழியாத்தான் பேசுது. அந்த ரெண்டையும் 2033-க்குள்ள அணைக்கிறதா முடிவாகிடுச்சு. அதனால சுமார் 70 லட்சம் மீட்டர் வேலை செய்யாமப் போகும்னு 2023-ல அந்த நாட்டு நாடாளுமன்றக் கணக்குக் குழு எச்சரிச்சது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போய், மணியடிச்சு, தகவல்தொடர்புப் பெட்டியைக் கழட்டி மாத்தணும். நம்ம நாட்டுல 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் வைக்கணும்னு இலக்கு. இங்க ஏர்டெல் 3ஜி-யை 2020-ல மூடிட்டு, வயசுல மூத்த 2ஜி-யை இன்னும் ஓட விட்டுருக்கு. ஐரோப்பாவுலயும் பல பேர் அப்படித்தான், 3ஜி முதல்ல போச்சு, 2ஜி நிக்குது. நிக்கிறதுக்குப் பட்டன் போன் வச்சிருக்கிறவங்க ஒரு காரணம். இ-கால் கார்களும் மீட்டர்களும் இன்னொரு காரணம். உங்க ஏரியாவுல மீட்டர் மாத்த வந்தா, உள்ள இருக்கிற மோடம் எந்த ஜின்னு கேட்டுப் பாருங்க. வந்தவருக்குத் தெரியலன்னா பெட்டி மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. வர்ற போட்டோக்களை வச்சே ஒரு எபிசோடு பண்றதா இருக்கேன். அடுத்த வாரம் ஐஎம்இஐ. வரட்டா.